பிடிஎஃப் திறக்க எந்த எக்ஸ்டென்ஷனை வைக்கணும், எதை எடுக்கணும்?

கோட்டைவாசல்:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில சின்ன பிரவுசிங் சென்டர். நாலு சிஸ்டம், நாலும் விண்டோஸ் 10. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் இருக்கு. வர்றவங்கள்ல நிறைய பேர் புளியரை தாண்டி கேரளாவுல ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு வேலைக்குப் போறவங்க. அதனால இந்தப் பக்கத்துப் பட்டா, வில்லங்கம், சாதிச் சான்றிதழும் எடுக்கணும், அந்தப் பக்கத்துக் கரம் கட்டின ரசீது, வருமானச் சான்றும் எடுக்கணும். எல்லாமே பிடிஎஃப்தான். ஆனா நாலு சிஸ்டமும் நாலு விதமாத் திறக்குது.

முதல் சிஸ்டத்துல பிடிஎஃப் திறந்தா மேல முகவரி 'குரோம்-எக்ஸ்டென்ஷன்'னு தொடங்கி, அர்த்தமில்லாத நீளமான எழுத்து வரிசையா வருது. அந்த லிங்கை காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பினா எதிர்ல இருக்கிறவங்க போன்ல திறக்கவே மாட்டேங்குது. ரெண்டாவதுல திரையில காட்டாம நேரா டவுன்லோட் ஆகிடுது. மூணாவதுல வில்லங்கம் மாதிரி லாகின் போட்டு எடுக்கிறது மட்டும் 'ஃபெயில்ட் டு லோட்'னு நிக்குது. மத்த பிடிஎஃப் எல்லாம் ஒழுங்காத் திறக்குது. நாலாவதுல யாரோ ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்காங்க. புது டேப் திறந்தா வேற பக்கம், எதைத் தேடினாலும் வேற தளத்துக்குப் போகுது. எடுத்துவிட்டாலும் திரும்ப வந்திடுது.

இன்னொண்ணு. டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற சான்றிதழ்ல மஞ்சள் கேள்விக்குறி வருது. பச்சை டிக்கோட பிரிண்ட் வேணும்னு கேட்டுத் திருப்பி அனுப்புறாங்க. அதுக்குத் தனியா எக்ஸ்டென்ஷன் இருக்கா? மலையாளத்துல வர்ற சில பாரம் பிரிண்ட்ல கட்டம் கட்டமா விழுது.

கடைசியில எத்தனை எக்ஸ்டென்ஷன் வச்சா போதும்? வர்றவங்க புதுசா எதையும் போடாதபடி பூட்ட வழி இருக்கா?

பாலருவி:

தம்பி, எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரில் நாமே சேர்க்கும் சின்ன நிரல். பிடிஎஃப் பார்க்க மட்டும் என்றால் அதில் ஒன்றும் வேண்டாம். குரோமுக்குள்ளேயே பிடிஎஃபியம் என்ற காட்டி (வியூவர்) இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2013-இல் வந்த 19-ஆம் பதிப்பிலிருந்தே பிடிஎஃப்.ஜேஎஸ் உள்ளே இருக்கிறது. 'பிளகின் போட்டால்தான் பிடிஎஃப் தெரியும்' என்பது பழைய கதை. பிரவுசரோடு இணைந்து ஓடும் அந்த வகைத் தனி மென்பொருள்களை குரோம் 2015-இல் முழுவதும் எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் ஃப்ளாஷைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தியது. 2020 கடைசியோடு ஃப்ளாஷும் போனது. இன்று 'பிளகின் இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று ஒரு தளம் கேட்டால் அதை நம்பாதீர்கள்.

இனி ஒவ்வொரு சிஸ்டமாகப் போவோம்.

முதல் சிஸ்டத்தில் இருப்பது அடோபி அக்ரோபாட் எக்ஸ்டென்ஷன். அந்த எழுத்து வரிசை 'இ-எஃப்-ஏ-ஐ-டி-என்-பி' என்று தொடங்கினால் அதேதான். குரோமில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 32 எழுத்தில் ஒரு அடையாளம் உண்டு. அதில் ஆங்கிலத்தின் 'a' முதல் 'p' வரையுள்ள முதல் 16 எழுத்துகள் மட்டுமே வரும். அடோபி ரீடர் போடும்போது இதுவும் கூடவே வரும். 'எனேபிள்' என்று கேட்கும்போது யாராவது அழுத்திவிட்டால், அதற்குப் பிறகு எல்லா பிடிஎஃபையும் அதுவே பிடித்துக்கொள்ளும். லிங்க் போனில் திறக்காததற்குக் காரணம், அந்த முகவரி உங்கள் கம்ப்யூட்டரிலுள்ள எக்ஸ்டென்ஷனின் முகவரி. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. முகவரியின் நடுவில் 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருப்பதை அழித்தால் அசல் லிங்க் கிடைக்கும். ஆனால் லாகின் போட்டு எடுக்கும் ஆவணத்துக்கு லிங்கே அனுப்பக் கூடாது, கோப்பைத்தான் அனுப்ப வேண்டும்.

எடுக்கும் வழி: வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், அதில் ரிமூவ். இதைச் செய்தாலும் அடோபி ரீடர் அப்படியே இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் (குரோமில் தனித்தனியாகச் சேர்த்த பயனருக்கும்) தனித்தனி. ஒரு புரொஃபைலில் எடுத்தால் அடுத்த புரொஃபைலில் அப்படியேதான் இருக்கும். மூன்று புள்ளிக்குப் பக்கத்திலுள்ள வட்டத்தை அழுத்தி, எத்தனை புரொஃபைல் இருக்கிறதென்று பாருங்கள். தேவையில்லாததை நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது சிஸ்டத்தில் கோளாறு ஒன்றும் இல்லை, அமைப்புதான் மாறியிருக்கிறது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், பிடிஎஃப் டாகுமென்ட்ஸ். அங்கே 'டவுன்லோட் பிடிஎஃப்ஸ்' என்றிருப்பதை 'ஓப்பன் பிடிஎஃப்ஸ் இன் குரோம்' என்று மாற்றினால் திரையில் வரும். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், கீழே அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் பிடிஎஃப் வரியில் 'ஓப்பன் இன் ஃபயர்ஃபாக்ஸ்'. எட்ஜில் இந்த இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது; செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் பிடிஎஃப் என்று அடித்தால் நேராக வந்துவிடும். உங்களைப் போன்ற சென்டருக்கு நான் சொல்வது, மற்ற சிஸ்டங்களில் திரையில் திறக்கட்டும், பிரிண்டர் இணைந்திருக்கும் சிஸ்டத்தில் மட்டும் டவுன்லோட் என்று வையுங்கள். ஏன் என்பது கையெழுத்து விஷயத்தில் தெரியும்.

மூன்றாவதுதான் பலருக்கும் பிடிபடாதது. அரசுத் தளங்கள் பலவும் பிடிஎஃபை நிரந்தர முகவரியில் வைத்திருப்பதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தியதும், லாகின் விவரத்தோடு ஒரு கோரிக்கை போய், அந்த நேரத்துக்கு மட்டும் ஆவணத்தை உருவாக்கி அனுப்பும். நடுவில் ஒரு காட்டி எக்ஸ்டென்ஷன் இருந்தால், அது வெறும் முகவரியை மட்டும் எடுத்து மறுபடி கேட்கும். படிவ விவரம் கூடப் போகாததால் சர்வர் பிழைப் பக்கத்தையோ லாகின் பக்கத்தையோ திருப்பித் தரும். எக்ஸ்டென்ஷன் அதைப் பிடிஎஃப் என்று நினைத்துப் படிக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். அந்த சிஸ்டத்தில் எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஆஃப் செய்துவிட்டு முயன்று பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் பாப்-அப் தடுத்த குறி இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் திறந்துவிட வேண்டாம்.

முகவரி 'ப்ளாப்' என்று தொடங்கினால் அது பிரவுசரின் நினைவில் மட்டும் இருக்கும் ஆவணம். எஃப்5 அழுத்தினாலோ, அதைத் திறந்த டேபை மூடினாலோ போய்விடலாம். திறந்த கையோடு சேமித்துவிடுங்கள். கட்டணம் கட்டி எடுக்கும் ஆவணத்தில் இதை மறக்கவே கூடாது.

நாலாவது சிஸ்டத்தில் அந்த எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில் ரிமூவ் பொத்தான் வேலை செய்கிறதா, மங்கலாக இருக்கிறதா? மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று வருகிறதா? அதைச் சொல்லுங்கள்.

குண்டாறு:

கையெழுத்துக்கு நான் சொல்கிறேன். குரோம் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பதே இல்லை. அதில் தெரியும் மஞ்சள் கேள்விக்குறி, ஆவணத்தோடு வரையப்பட்டு வந்த ஒரு படம். கையெழுத்து சரியாக இருந்தாலும் அதேதான் தெரியும், போலியாக இருந்தாலும் அதேதான். அதனால் இதற்கென்று எக்ஸ்டென்ஷன் தேட வேண்டாம். அடோபி ரீடரைத் தனி மென்பொருளாக வைத்து, கோப்பை டவுன்லோட் செய்து அதில் திறங்கள்.

அதிலும் கேள்விக்குறி வந்தால், கையெழுத்து போட்டவரின் சான்றிதழுக்கு மேலே இருக்கும் மூலச் சான்றிதழை உங்கள் ரீடர் இன்னும் நம்பவில்லை என்று பொருள். கையெழுத்தின் மேல் கிளிக் செய்து சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட் போங்கள். இடப் பக்கம் ஏணி மாதிரி ஒரு வரிசை தெரியும். அதில் உச்சியில் 'சிசிஏ இந்தியா' (சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர்) என்று ஆண்டோடு இருப்பதைத் தேர்ந்தெடுத்து, டிரஸ்ட் டேபில் 'ஆட் டு டிரஸ்டெட் சர்டிஃபிகேட்ஸ்' கொடுத்து ஓகே. பிறகு வேலிடேட் சிக்னேச்சர். அந்த சிஸ்டத்தில் அந்த விண்டோஸ் கணக்குக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

சேர்க்கும் முன் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் விட்டுவிடாதீர்கள். பெயர் 'சிசிஏ இந்தியா' என்று இருப்பதால் மட்டும் நம்பக் கூடாது. அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு சான்றிதழை உருவாக்கிக்கொள்ள முடியும். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவந்த கோப்பை வைத்து இதைச் செய்யாதீர்கள். நீங்களே அரசுத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பில் மட்டும் செய்யுங்கள். டீட்டெய்ல்ஸ் டேபில் இருக்கும் விரல்ரேகை எண்ணை (ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியான அடையாள எண்), சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் தளத்தில் வெளியிட்டிருக்கும் மூலச் சான்றிதழின் எண்ணோடு ஒப்பிட்டால் சந்தேகமே இல்லை.

டிக் வராமல் போக வேறு இரண்டு காரணங்கள்: சிஸ்டத்தின் தேதி தவறாக இருப்பது, இன்டர்நெட் இல்லாமல் சரிபார்ப்பது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தால், சான்றிதழ் 'இன்னும் தொடங்கவில்லை' என்று காட்டும். சில ஆவணங்களில் பக்கத்தின் மேல் டிக் வராது; ரீடரின் மேற்பட்டையில் 'சைன்ட் அண்ட் ஆல் சிக்னேச்சர்ஸ் ஆர் வேலிட்' என்று வரும். அது வந்தால் கையெழுத்து சரிதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: குரோமில் கன்ட்ரோல் பி அழுத்தி 'சேவ் அஸ் பிடிஎஃப்' கொடுக்காதீர்கள். அது அசல் கோப்பு அல்ல, பக்கத்தை மறுபடி வரைந்த புதுக் கோப்பு. கையெழுத்தின் படம் இருக்கும், கையெழுத்து இருக்காது. அதை எந்த ரீடரில் திறந்தாலும் டிக் வராது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால், விண்ணப்பம் திரும்பி வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. மேலே கீழ்நோக்கி அம்பு போட்டிருக்கும் டவுன்லோட் குறியால் மட்டும் சேமியுங்கள். இரண்டு சான்றிதழை ஒன்றாக மெர்ஜ் செய்தாலும், கம்ப்ரஸ் செய்தாலும் இதே கதிதான். இணையத்தில் அனுப்ப வேண்டியதை இறக்கியபடியே அனுப்புங்கள். தாளில் கேட்பவர்களுக்கு ரீடரில் டிக் வந்த பிறகு பிரிண்ட் போடுங்கள்.

கோட்டைவாசல்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. முதல் மூணு சிஸ்டமும் சரியாகிடுச்சு. மூணாவதுல ஒரு பிடிஎஃப் வியூவர் எக்ஸ்டென்ஷன் இருந்துச்சு, அதை ஆஃப் பண்ணதும் வில்லங்கம் திறந்திடுச்சு. நாலாவதுல நீங்க கேட்டது ரெண்டுமே இருக்கு. ரிமூவ் மங்கலா இருக்கு, மெனு அடியில 'மேனேஜ்ட் பை'ன்னு வருது. இங்க எந்த ஆர்கனைசேஷனும் இல்லையே?

பாலருவி:

அலுவலகங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைக் கட்டுப்படுத்த குரோமில் வைத்திருக்கும் வழியை அந்த கன்வெர்ட்டர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'இந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயம் போடு' என்று ஒரு வரி எழுதிவிட்டால், குரோம் அதை நிர்வாகியின் ஆணையாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எடுக்க முடியவில்லை.

எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, அந்த எக்ஸ்டென்ஷனின் 32 எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, அதே நாளில் வந்த தெரியாத மென்பொருள் ஏதாவது இருந்தால் முதலில் அதை எடுங்கள். இதை விட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரியை மட்டும் துடைத்தால், அது மறுபடி எழுதிவிடும். நேரம் குறித்து நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒரு பார்வை பாருங்கள்.

பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டைத் திறங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். முதலில் ஃபைல், எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். உள்ளே 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற கோப்புறையில் அந்த 32 எழுத்து இருக்கும். அந்த மதிப்பை அழியுங்கள். ஹெச்கீ கரன்ட் யூசரிலும் இதே பாதையில் பாருங்கள், சில சமயம் அங்கே ஒளிந்திருக்கும். குரோமை முழுக்க மூடித் திறந்தால் எக்ஸ்டென்ஷன் தானாகப் போகும். மிச்சமிருக்கும் தேடல் மாற்றத்துக்கு செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்'. அதில் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது. சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலையும் பார்த்து, தெரியாத தளங்களை நீக்குங்கள்.

இந்த வகை கன்வெர்ட்டர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குரோம் கடையிலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய 'பிடிஎஃப் டூல்பாக்ஸ்' என்ற எக்ஸ்டென்ஷன், பயனர் திறக்கும் ஒவ்வொரு தளத்திலும் வெளியிலிருந்து நிரலைப் புகுத்தக்கூடியதாக இருந்தது 2023-இல் அம்பலமானது. எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள், எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை. 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆதாரும் வங்கி விவரமும் அடிக்கிற சிஸ்டத்தில் அதற்குச் சம்மதம் சொல்லக் கூடாது. ஒன்று சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் பேசிக், வேர்டு கோப்புக்கு லிப்ரே ஆஃபீஸ். இரண்டும் இலவசம். இரண்டிலும் கோப்பு உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

பூட்டும் வழியும் அதே ரெஜிஸ்ட்ரி இடம்தான். குரோம் கோப்புறைக்குள் 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ப்ளாக்லிஸ்ட்' என்று புதுக் கீ, இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில். அதற்குள் ஒரு ஸ்டிரிங் மதிப்பு: பெயர் 1, தரவு ஒரு நட்சத்திரக் குறி. எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் தடை விழும். ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் அலவ்லிஸ்ட்' கீயில் அதன் 32 எழுத்தை மட்டும் போடுங்கள். அதற்குப் பிறகும் மெனுவில் 'மேனேஜ்ட் பை' என்று காட்டும். இந்த முறை அந்த ஆணை உங்களுடையது.

வாடிக்கையாளர் தன் கூகுள் கணக்கை குரோமில் போட்டு சிங்க் ஆன் செய்தால், அவர் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் எல்லாம் உங்கள் சிஸ்டத்துக்கு இறங்கிவிடும். குரோம் கோப்புறையிலேயே 'பிரவுசர் சைன்இன்' என்ற டிவேர்டு மதிப்பை 0 என்று வைத்தால் குரோமில் கணக்கைச் சேர்க்க முடியாது. ஜிமெயில் மட்டும் வழக்கம்போல் திறக்கும். வாடிக்கையாளர் தாமே உட்கார்ந்து பார்ப்பதென்றால் கெஸ்ட் விண்டோ கொடுங்கள். அதில் எக்ஸ்டென்ஷன் ஓடாது, மூடியதும் வரலாறு அழியும். ஆனால் இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். அதை அன்றன்றைக்கு நீங்கள்தான் அழிக்க வேண்டும், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

மேக்கரை:

மலையாள பாரம் பத்தி யாரும் சொல்லலை, அதனால எழுதுறேன். ரெண்டு வேற வேற கோளாறு இருக்கு, முதல்ல எதுன்னு பிரிச்சுப் பாருங்க.

திரையில ஒழுங்காத் தெரிஞ்சு பிரிண்ட்ல மட்டும் கட்டம் விழுந்தா அது பிரிண்டர் டிரைவர் பிரச்சினை. குரோம் பிரிண்ட் பெட்டியில மோர் செட்டிங்ஸ் போயி 'பிரிண்ட் அஸ் இமேஜ்' டிக் பண்ணுங்க. அடோபி ரீடர்ல பிரிண்ட், அட்வான்ஸ்ட்ல இதே பேர்ல இருக்கு. கொஞ்சம் மெதுவா வரும், எழுத்து சரியா விழும். பேப்பர் சைஸ் லெட்டர்னு நிக்குதான்னும் பாருங்க. ஏ4-க்கு மாத்தலைன்னா அடி வரி வெட்டுப்படும்.

திரையிலயே கட்டமோ, சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தோ தெரிஞ்சா, ஃபான்ட் அந்தக் கோப்புக்குள்ள இல்லை. ரீடர்ல ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் டேப். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல 'எம்பெடட் சப்செட்'னு இருந்தா ஃபான்ட் கோப்புக்குள்ளயே இருக்குன்னு அர்த்தம், எங்க வேணா திறக்கலாம். இல்லாம 'ஆக்சுவல் ஃபான்ட்'னு ஏரியல் மாதிரி வேற பேரைக் காட்டினா, அசல் ஃபான்ட் கிடைக்காம மாத்திப் போட்டிருக்குன்னு அர்த்தம். பழைய மலையாள பாரங்கள்ல எம்எல்-டிடி கார்த்திகா, ரேவதி மாதிரி ஃபான்ட் வரும். நம்ம பக்கம் பழைய பாரத்துல வானவில், பாமினி வர்ற மாதிரிதான் அதுவும். இதெல்லாம் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய ஃபான்ட், ஆங்கில எழுத்துக்குரிய இடத்துல மலையாளத்தையோ தமிழையோ வரைஞ்சு வச்சது. அந்த ஃபான்ட்டை விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணி, பிரவுசரை மூடித் திறந்தா பெரும்பாலும் தெரியும். எக்ஸ்டென்ஷன் எதுவும் இதைச் சரி பண்ணாது.

அந்தப் பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா குப்பையாத்தான் வரும், அதை நம்பி விண்ணப்பத்துல பேரை ஒட்டிடாதீங்க. ஒருங்குறியில செஞ்ச தமிழ் பிடிஎஃப்லகூட ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறி ஒட்டும். 'செல்வி', 'தேவகி'ன்னு கன்ட்ரோல் எஃப்ல தேடினா கண்ணு முன்னாடி இருக்கிற பேரே கிடைக்காது. பேரையும் சர்வே நம்பரையும் கண்ணால பார்த்து அடிங்க.

இன்னொரு வகைக் கோப்பும் வரும். திறந்ததும் 'ப்ளீஸ் வெயிட்'னு மட்டும் காட்டிட்டு அப்படியே நிக்கும். அது எக்ஸ்எஃப்ஏங்கிற தனி வகைப் படிவம். குரோம் அதைத் திறக்காது, போன்லயும் வராது. கோப்பு கெட்டுப்போச்சுன்னு திரும்பத் திரும்ப டவுன்லோட் பண்ண வேண்டாம். அடோபி ரீடர்லயோ, 93-ஆம் பதிப்பு அல்லது அதுக்கு மேல உள்ள ஃபயர்ஃபாக்ஸ்லயோ திறங்க. நிரப்பினதுக்கு அப்புறம் அதே மென்பொருள்லயே சேமிங்க.

குண்டாறு:

மேக்கரை சொன்னதோடு ஒன்று. சாதாரணப் படிவத்தை குரோமிலேயே நிரப்பினால், டவுன்லோட் குறியை அழுத்தும்போது 'வித் யுவர் சேஞ்சஸ்', 'வித்அவுட் யுவர் சேஞ்சஸ்' என்று இரண்டு கேட்கும். இரண்டாவதைத் தவறி அழுத்தினால் வெற்றுப் படிவம்தான் போகும். இணைக்கும் முன் கோப்பை ஒரு தரம் திறந்து பாருங்கள்.

கோட்டைவாசல்:

நாலாவது சிஸ்டத்துல ஃபோர்ஸ்லிஸ்ட்ல ரெண்டு ஐடி இருந்துச்சு, ரெண்டையும் எடுத்தாச்சு. ப்ளாக்லிஸ்ட் போட்டதும் கடையில 'ஆட் டு குரோம்' அழுத்தினா தடுத்திடுது. பாரம் திரையிலயே கட்டமாத்தான் இருக்கு, ஃபான்ட்ஸ் டேப்ல கார்த்திகான்னு காட்டுது. ஃபான்ட்டைப் போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்.

மேக்கரை:

போடும்போது ஃபான்ட் கோப்பு மேல ரைட் கிளிக் பண்ணி 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்க. வெறும் இன்ஸ்டால்னு கொடுத்தா அந்த ஒரு விண்டோஸ் கணக்குக்கு மட்டும்தான் சேரும்.